தொண்ணூறு டிகிரி

இன்ஸ்பெக்டர் தனேஷ் அவர்களுக்கு,

நேற்று உங்கள் ஆள் ஒருவர் என் காரை நிலையத்தின் முன்வாசலிலிருந்து பின்பக்க யார்டுக்கு நகர்த்தினார். ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். நான் உட்கார்ந்திருந்த அறை ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்டது. குறையாகச் சொல்லவில்லை, தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதுதான். இனி அதை எடுக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நிற்கும் காரில் எஞ்சின் எண்ணெய் அடியில் தேங்கிக் கிடக்கும். அது மேலே ஏறி, சூடாகி, இளகிய பிறகுதான் எஞ்சினை விரட்டலாம். அதற்கு முன்னால் விரட்டினால் உள்ளே கீறல் விழும். வெளியே தெரியாது, ஆனால் விழுந்தது விழுந்ததுதான்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல் கேமராவில் என் கார் வந்து நிற்பது தெரிகிறது. நின்ற பிறகு யாரும் இறங்கவில்லை, எஞ்சினும் அணையவில்லை. "அங்கிள், ஆன்டி காருக்குள்ள உயிருக்குப் போராடிக்கிட்டு இருந்தாங்க. அந்த ரெண்டே முக்கால் நிமிஷம் நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டீர்கள். இரண்டே முக்கால் அல்ல, இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. பதற்றத்தில் உறைந்துபோனேன் என்று நான் சொல்லியிருக்கலாம். நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். நல்ல பிள்ளை நீங்கள். உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

எழுதித் தருகிறேன் என்றேன். மலாயில் எழுத எனக்குத் தடையில்லை, ஆனால் என் மனைவி சாந்தமேரியோடு நான் இருபத்தொன்பது வருடம் வாழ்ந்தது தமிழில். அதனால் இது தமிழில் இருக்கிறது. முந்தாநாள் எங்கள் பங்கு ஃபாதர் வந்து பார்த்தார். பாவசங்கீர்த்தனம் செய்ய விருப்பமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரிடம் சொன்னால் வருத்தப்படுகிறாயா என்று கேட்பார். நீங்கள் நேரத்தை மட்டும்தான் கேட்டீர்கள். உங்களுக்குப் பதில் சொல்வது எளிது.

நான் பண்டமாரானில் முப்பது வருடமாகப் பல் மருத்துவர். துறைமுகத்து லோரி டிரைவர்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், இவர்களுடைய வாய்க்குள்தான் என் வாழ்க்கை போயிற்று. எப்பேர்ப்பட்ட முரடனும் என் நாற்காலியில் அமைதியாகப் படுத்திருப்பான். காரணம் என் குரல். "இன்னும் கொஞ்சம்தான், முடியப் போவுது" என்று நான் சொன்னால் நம்பிவிடுவார்கள். முடிய இன்னும் அரைமணி இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

டாக்டர் கொர்னேலியஸ் ஏன் போர்ஷே வாங்கினான் என்று பண்டமாரானில் எல்லோரும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அலட்டல் என்பார்கள். வயசான காலத்தில் பையன் ஆகப் பார்க்கிறான் என்பார்கள். என் மைத்துனன் ஜெயராஜ் விருந்துகளில் எல்லோர் முன்னாலும் கேட்பான்: "மாமா, சிக்னல்ல சின்ன மைவி காரும் நிக்கிது, உங்க வண்டியும் நிக்கிது. என்னா லா வித்தியாசம்?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? என் அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கேட் கீப்பர். மற்றவர்கள் வேகமாகப் போவதற்கு வழிவிட்டு நிற்பதுதான் அவருக்கு வேலை. அதனால் எனக்கு இந்த ஆசை வந்தது என்று ஏமி, என் மகள், சொல்வாள். அதுவும் சரியில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். வாழ்க்கையில் நாம் ஒன்று சொன்னால் மனிதர்கள் வேறொன்றைச் செய்வார்கள். இனிப்பைக் குறை என்றால் தலையாட்டிவிட்டு வெளியே போய்ச் சீனி தூக்கலாகத் தே தாரிக் டீ குடிப்பார்கள். அந்தக் கார் அப்படி இல்லை. ஸ்டீயரிங்கை ஒரு விரல்கடை திருப்பினால் ஒரு விரல்கடைதான் திரும்பும். பிரேக்கில் எவ்வளவு பலம் வைக்கிறேனோ அவ்வளவுதான் பிடிக்கும். சாலையில் ஒரு சிறு கல் ஏறினாலும் உள்ளங்கைக்குத் தெரியும். ஜெர்மானியர்கள் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், அதனால் சத்தம் காதில் கேட்பதற்கு முன்பே தண்டுவடத்தில் கேட்கும். நான் சொல்வதை முழுதாகக் கேட்கிற ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்று ஐம்பது வயதில்தான் கண்டுகொண்டேன். அன்று வீட்டு கராஜில் உட்கார்ந்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆறேழு பேர் பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டுக் காராக் சாலையில் ஏறுவோம். வழியெல்லாம் ஒரே விதி: எண்ணெய் தொண்ணூறு டிகிரியைத் தொடும்வரை யாரும் எஞ்சினை விரட்டக் கூடாது. திரும்பி வந்து நின்றதும் எஞ்சினைச் சட்டென்று அணைக்கவும் கூடாது. ஓடிக் களைத்த டர்போ ஆறும்வரை சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு கார்களில் ஆறு ஆம்பளைகள் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தோசைக் கடைப் பையன்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது ஜெபம் மாதிரி.

சாந்தமேரிக்கு அந்தக் கார் ஆகாது. வாங்கிய வாரமே ஃபாதரை அழைத்து மந்திரிக்கச் செய்தாள். அவர் தெளித்த தீர்த்தம் காய்ந்தால் பெயிண்டில் புள்ளி விழும் என்று நான் துணியோடு பின்னாலேயே போய்த் துடைத்தேன். "ஆண்டவர் ஆசீர்வாதத்தத் தொடச்சிட்டு வர்றீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டாள். பயணிகளின் காவலரான புனித கிறிஸ்டோபரின் பதக்கத்தை டாஷ்போர்டில் ஒட்டினாள். நான் பதமாகப் பிய்த்து எடுத்து அதன் கீழிருந்த கையுறைப் பெட்டிக்குள் வைத்தேன். காரில் ஏறினால் முதல் வார்த்தையே "மெதுவா போங்க" என்பதுதான். அவளும் நானும் அதில் ஏறிச் சந்தோஷமாகப் போன நாள் ஒன்றுகூட இல்லை. ஆனால் நல்லவள், இன்ஸ்பெக்டர். அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

எங்கள் கூட்டத்தில் ரோனி என்று ஒருவன் இருந்தான். போன வருடம் காராக் சாலையில் ஒரு வளைவில் போய்ச் சேர்ந்தான். அவனுடைய சவப்பெட்டி சர்ச்சுக்குள் இருக்கும்போதே மேரி என் கையைப் பிடித்து ஃபாதர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "இத வித்துடறேன்னு சொல்லுங்க. இங்கயே சொல்லுங்க" என்று அழுதாள். சொன்னேன். நான் சொன்ன சொல் மாறாதவன் என்பது அவளுக்குத் தெரியும். அதன் பிறகு எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அவளே காரை வாங்கச் செமினியில் ஓர் ஆளைப் பிடித்தாள், வாசு என்று பெயர். சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அன்று விடியற்காலையில் எழுந்து கடைசியாக ஒருமுறை காராக் வரை போய்வரலாம் என்று இருந்தேன். மேரிதான் கேட்டுக்கொண்டாள், இன்றாவது என்னோடு பூசைக்கு வாங்க என்று. சரி என்றேன். அதற்கும் சரி என்றேன்.

ஆறரை மணிக்கு அவள் பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையெல்லாம் வியர்வை. "என்னங்க, பல்லு வலிக்கிது போல. இந்தக் கீழ்த்தாட, இடது பக்கம். அப்படியே கை வரைக்கும் இழுக்குது" என்றாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பல்லில் ஒன்றுமில்லை. கீழ்த்தாடையில் வலி, வாயில் காரணம் இல்லை என்றால் இதயத்தைச் சந்தேகி என்று பல் மருத்துவக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஆஸ்பிரின் கொடுத்து மெல்லச் சொன்னேன். ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்றேன். "வேணாங்க, அவங்க எப்ப வர்றது. நீங்களே கொண்டு போயிருங்க" என்றாள். இது அவள் சொன்னது, நான் சொன்னதல்ல.

வாசலில் அவளுடைய மைவி நின்றது. நான் கராஜைத் திறந்தேன். அவசரம் என்றால் வேகமான காரைத்தான் எடுப்பார்கள், யாரும் அதைத்தான் செய்வார்கள். அந்தத் தாழ்ந்த இருக்கையில் உட்கார அவளுக்கு எப்போதும் சிரமம். தூக்கி உட்கார வைத்தேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு ஒரு நிமிடம் விட்டேன். பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி அண்ணன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "என்ன டாக்டர், ரெண்டு பேரும் ஜோடியா சர்ச்சுக்கா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். எதற்கு அவரைப் பயமுறுத்த வேண்டும்?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மணி ஆறு நாற்பத்து மூன்று. எண்ணெய் முப்பத்தொரு டிகிரி. கெசாஸ் நெடுஞ்சாலையில் ஏறியபோது அறுபது. இடது தடத்தில் ஒரு கண்டெய்னர் லோரிக்குப் பின்னால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை, சாலை காலியாகக் கிடந்தது. மேரி கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து லோரியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வேகமா போங்களேன்."

அந்தக் காருக்குள் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இன்னும் எழுபதுகூட ஆவல மேரி. கொஞ்சம்தான்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கையுறைப் பெட்டியைத் திறந்து தடவித் தடவி அந்தப் பதக்கத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டாள். கதவு லெதரில் அதன் விளிம்பு உரசாமல் பார்த்துக்கொள் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வாயில் வந்துவிட்டது.

சட்டப்படி இதுவரை நான் தவறு செய்யவில்லை. ஒருவன் நெடுஞ்சாலையில் எண்பதில் போனான், அவ்வளவுதான். மருத்துவமனைக்குக் கோத்தா கெமுனிங் பக்கம் இறங்க வேண்டும். இறங்கும் வழிக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது இடது சிக்னலைப் போட்டேன். அப்போது எண்ணெய் மீட்டரைப் பார்த்தேன். தொண்ணூறு.

நீங்கள் கார்ப் பைத்தியம் இல்லை, பார்த்தாலே தெரிகிறது. ஆகவே பொறுமையாகக் கேளுங்கள். எட்டு மாதமாக நான் அந்தக் காரை ஒழுங்காக ஓட்டவில்லை. அன்று பதினோரு மணிக்கு அது செமினிக்குப் போய்விடும். யாரோ ஒரு வாசு, குளிர்ந்த எஞ்சினை மிதிப்பவராகக்கூட இருக்கலாம். இப்போது எண்ணெய் தயார். முன்னால் அந்த லோரியைத் தவிர எல்லாத் தடமும் காலி. வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் திரும்பினால் எல்லாம் முடிந்தது. நேராகப் போனால் சில நிமிடங்கள் பாக்கி இருந்தன.

குறித்துக்கொள்ளுங்கள். நான் வழி தவறவில்லை. பலகையைப் படித்தேன். மருத்துவமனைக் கட்டடமும் தெரிந்தது. சிக்னலை அணைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு வார்த்தை போதாது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் ஒரு மூச்சு இழுத்தது, பிறகு பாய்ந்தது. மேரியின் தலை இருக்கையில் பதிந்தது. இருநூற்று முப்பத்தொன்று வரை பார்த்தேன். வேகத்துக்குச் சம்மன் வரும், அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். அந்த வேகத்தில் ஸ்டீயரிங் லேசாகிவிடும் என்று நினைப்பீர்கள், இல்லை. இன்னும் கனமாகி, சாலையோடு தைத்த மாதிரி நிற்கும். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. ரோனி செத்தது, சர்ச்சில் சொன்ன சொல், ஐம்பத்தொன்பது வயது, எதுவுமே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே கிடையாது.

"எக்ஸிட் போயிருச்சுங்க" என்றாள் மேரி. குரல் மெலிந்திருந்தது.

"அடுத்ததுல திரும்பிக்கலாம்."

அடுத்தது வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் மனைவிக்கு என்னை நன்றாகத் தெரியும். அழவில்லை, கத்தவில்லை. "கொர்னேலியஸ்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவளே இல்லை. நான் கிளினிக் குரலில் சொன்னேன்: "இன்னும் கொஞ்சம்தான் மேரி, முடியப் போவுது." அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சன்வே தாண்டி, பூச்சோங் தாண்டி, புக்கிட் ஜாலிலில் இறங்கித் திரும்பினேன். வரும்போதும் அப்படியே வந்தேன். இறங்கும் வழியை முதலில் கடந்தபோது மணி ஆறு ஐம்பத்தெட்டு. மருத்துவமனை வாசலில் நின்றபோது ஏழு இருபத்தொன்று. இருபத்து மூன்று நிமிடம். நீங்கள் இரண்டு நாற்பதைப் பற்றி மட்டும் கேட்டீர்கள், அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்படி ஓட்டிய எஞ்சினை அப்படியே அணைக்க முடியாது. உள்ளே எண்ணெய் தீய்ந்து படிந்துவிடும். ஓடவிட்டுவிட்டு இறங்கி ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டால் வாசலில் காவல் நிற்கும் ஜாகா ஓடிவருவான், வழியை மறிக்காதே என்பான், அவனோ வேறு யாரோ ஏறி உட்கார்ந்து காரை நகர்த்துவார்கள், அணைப்பார்கள். நேற்று உங்கள் ஆளைப் பார்த்தீர்கள் அல்லவா? அதனால் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி கறுப்பு என்பதால் கேமராவில் தெரிந்திருக்காது, அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கை ஜில்லென்று இருந்தது. மூச்சு இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்தடி தூரத்தில் ஒரு தாதி தள்ளுவண்டியோடு நின்று ஜாகாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். மேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூப்பிடுங்க" என்றாள். ஆகட்டும் என்றேன். இரண்டு நாற்பதில் அணைத்தேன், இறங்கி ஓடினேன். நான் ஓடியதும் கேமராவில் இருக்கும்.

இருபது நிமிடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அவசரப் பிரிவில் இருந்த ஓர் இளம் டாக்டர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காக, சாலையில் நெரிசல் இருந்திருக்கும் என்று அவரே சேர்த்துக்கொண்டார். ஏமி விமானத்தில் வந்து இறங்கியதும் என் தோளில் சாய்ந்து அழுதாள். "அப்பா, உங்களால முடிஞ்சத நீங்க செஞ்சீங்க" என்றாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இதை அவளுக்கு யார் சொல்வது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

பதினோரு மணிக்கு வாசு போன் செய்தார். வீட்டில் துக்கம் என்றேன், பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். கார் விற்பனைக்கு இல்லை என்றும் சொன்னேன். நான் வாக்குக் கொடுத்தது மேரிக்கு. அவள் இல்லாதபோது அந்த வாக்கு யாருக்கு? இதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. சிக்னலை அணைத்த அந்த நேரத்தில் யோசித்திருப்பேனா என்று நீங்கள் கேட்டால், அப்போது நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றில் மட்டும் உங்களிடம் பொய் சொன்னேன், திருத்திக்கொள்கிறேன். காரில் இருந்த கேமரா பழுது என்றேன். பழுதில்லை. அதன் கார்டு என் கிளினிக்கில், பல் அச்சுகள் வைக்கும் அலமாரியில், மூன்றாவது பெட்டிக்குள் இருக்கிறது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து தினமும் கேட்டேன். நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். சிக்னல் டிக் டிக்கென்று அடிப்பதும் நிற்பதும் கேட்கும். உங்கள் வழக்குக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். காரை நீங்கள் இனித் திருப்பித் தர மாட்டீர்கள் என்று தெரியும், கார்டையாவது தாருங்கள். கோத்தா கெமுனிங் தாண்டியதும் எஞ்சின் சத்தம் அதில் அருமையாகப் பதிந்திருக்கிறது. நடுவில் இரண்டு இடத்தில்தான் கெடுகிறது. மேரியின் குரலை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று உங்கள் ஆட்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.